சித்தார்த்த பாசு: கேள்வி கேட்டவர் நாற்காலியை விட்டு எழுந்த கதை

ஊடகவியல் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரியாலிட்டி ஷோ துறைக்கு வர ஆசை. கேமரா முன்னால் நின்று தொகுத்து வழங்குவதா, பின்னால் இருந்து தயாரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்த இந்தியர் யாராவது இருந்தால் அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்."

இதைக் கேட்டால் பலரும் எம்டிவி ரோடீஸ் ரகு ராமைச் சொல்வார்கள். 2003-இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. தயாரிப்பாளராக இருந்தவர், நேர்காணல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்த இளைஞர்களைக் கத்தியே கலங்கடித்து நாடு முழுக்க முகம் தெரிந்தவரானார். அதுவும் ஒரு பாதைதான். ஆனால் என்னைக் கேட்டால் நீங்கள் பார்க்க வேண்டியவர் சித்தார்த்த பாசு. ரகு ராம் திரைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தவர். பாசு முன்னாலிருந்து பின்னால் போனவர். முகத்துக்குப் புகழ் வந்தபிறகு பெரிய வாய்ப்பில் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் துறையில் சில வருடங்கள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பாசுவின் ஆரம்பம் நாடக மேடை. டெல்லியில் பேரி ஜான் நடத்திய 'தியேட்டர் ஆக்‌ஷன் குரூப்' என்ற ஆங்கில நாடகக் குழுவில் இருந்தார். பிற்பாடு ஷாருக் கான் நடிப்புப் பழகியதும் அதே குழுவில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். 1985-இல் தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' வந்தது. கல்லூரி அணிகள், அணிக்கு இருவர், ஆங்கிலத்தில் கேள்விகள். நடத்தியவர் பாசு.

அப்போது எங்கள் தெருவில் டிவி இருந்தது இரண்டே வீடுகளில். ஒரு வீட்டின் திண்ணையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்போம். எனக்கு அந்த ஆங்கிலம் பாதிகூடப் புரியாது. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. பதில் தெரியாத மாணவர் "பாஸ்" என்று சொன்னால் அந்த மனிதர் முகம் சுளிக்க மாட்டார், கிண்டலாக ஒரு சொல் சொல்ல மாட்டார். கேள்வி அப்படியே அடுத்த அணிக்குப் போகும். பள்ளியில் பதில் தெரியாவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார்கள். இங்கே பதில் தெரியாதது ஒரு குற்றமே இல்லை. பத்து வயதில் அது எனக்குப் பெரிய அதிசயம். இன்றைக்கும் பாசுவின் தொழில் முழுவதையும் ஒரே வரியில் சொல்லச் சொன்னால், பதில் தெரியாதவரை அவமதிக்காமல் கேள்வி கேட்டவர் என்றுதான் சொல்வேன். அவர் தடுமாறிய இடமும் இதை மறந்த இடம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வினாடி வினாவை இந்தியாவில் அவர் கண்டுபிடிக்கவில்லை. கொல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் 1967-லேயே பொதுமக்களுக்கான வினாடி வினா நடத்திவிட்டார். கொல்கத்தாவில் அது ஒரு மாலை நேரப் பழக்கமாகவே வளர்ந்தது. பாசு செய்தது அதை நாடு முழுக்க வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு அவருடைய நாடகப் பயிற்சி கைகொடுத்தது. கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் அழுத்தம் தர வேண்டும், பதில் வரும்வரை எத்தனை நொடி சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் மேடையில் நின்றவருக்குத்தான் சட்டென்று கைவரும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் சினர்ஜி கம்யூனிகேஷன்ஸ் என்ற சொந்த நிறுவனம் வந்தது. அவருடைய மனைவி அனிதா கவுல் பாசு அதில் சரிபாதி. 1998-இல் பிபிசி வேர்ல்டில் 'மாஸ்டர்மைண்ட் இந்தியா'. இருட்டில் ஒரு கறுப்பு நாற்காலி, மேலிருந்து ஒற்றை விளக்கு, போட்டியாளர் தானே தேர்ந்தெடுத்த துறையில் கேள்வி, அப்புறம் பொது அறிவு. ஒருவர் நெப்போலியனைப் பற்றி வருவார், இன்னொருவர் ஏதோ ஒரு துப்பறியும் நாவல் வரிசையைப் பற்றி வருவார். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நடத்துபவர் வேகமாகவும் கேட்க வேண்டும், ஒரு எழுத்துகூட விழுங்காமலும் கேட்க வேண்டும். தொகுப்பாளராக அவருடைய உச்சம் இதுதான் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது 2000-க்கு வருவோம். பிரிட்டனில் 1998-இல் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவர ஸ்டார் பிளஸ் முடிவு செய்தது. தயாரிப்பு பாசுவின் நிறுவனத்திடம் வந்தது. முதலில் பேசப்பட்ட பரிசு ஒரு லட்சம். ஸ்டார் அதிகாரிகள் பலமுறை சொன்ன கதை, ரூபர்ட் மர்டாக் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, அதை ஒரு கோடியாக்கச் சொன்னார் என்பது. 'கோன் பனேகா லக்பதி' (லட்சாதிபதி ஆகப்போவது யார்) என்று வந்திருக்க வேண்டியது 'கோன் பனேகா க்ரோர்பதி' (கோடீஸ்வரர் ஆகப்போவது யார்) ஆனது அப்படித்தான்.

கேள்வி கேட்பவரின் நாற்காலியில் யார் உட்காருவது? இந்தியாவில் அப்போது கேள்வி கேட்பதில் பாசுவைவிடப் பழுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் அவர் கையாண்ட வினாடி வினா கல்லூரி மாணவர்களுக்கானது, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கானது. இந்த நிகழ்ச்சி மளிகைக் கடைக்காரருக்கும் இல்லத்தரசிக்கும் ரயில்வே ஊழியருக்கும். அங்கே கேள்வி கேட்பவர் அறிவாளியாகத் தெரியக் கூடாது, பெரிய மனிதராகத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அமிதாப் பச்சன் அப்போது 57 வயதில், தன்னுடைய பொழுதுபோக்கு நிறுவனமான ஏபிசிஎல் நொடித்துப்போன கடன் சுமையோடு இருந்தார். பெரிய திரை நட்சத்திரம் சின்னத்திரைக்கு வருவது இறக்கம் என்று பேசப்பட்ட காலம். லண்டனுக்குப் போய் அசல் நிகழ்ச்சியின் படப்பிடிப்பை நேரில் பார்த்த பிறகுதான் அவர் சம்மதித்தார்.

2000 ஜூலை 3, இரவு 9 மணி. அதே நாளில்தான் 'க்யோங்கி சாஸ் பி கபி பஹு தி' தொடரும் தொடங்கியது. இந்த இரண்டும் சேர்ந்து ஸ்டார் பிளஸை உச்சாணிக்கு ஏற்றிவிட்டன. தொலைபேசி இணைப்புகள் திணறின, கலந்துகொள்ள அவ்வளவு கூட்டம். அக்டோபரில் ஹர்ஷ்வர்தன் நவாதே என்ற இளைஞர், ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர், முதல் கோடியை வென்றார்.

பணம்தான் காரணம் என்று அப்போது பலர் நினைத்தார்கள். அதை நம்பி அதே 2000-இல் ஜீ டிவி 'சவால் தஸ் க்ரோர் கா' என்று பத்துக் கோடி நிகழ்ச்சி கொண்டுவந்தது. அனுபம் கேரும் மனிஷா கொய்ராலாவும் தொகுத்தார்கள். பத்து மடங்கு பணம், இரண்டு நட்சத்திரங்கள், ஆனாலும் எடுபடவில்லை. துறைக்கு வரும் ஒவ்வொருவரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பார்ப்பவர் வீட்டில் உட்கார்ந்து "இது எனக்குத் தெரியுமே" என்று கத்த வேண்டும். அந்தக் கத்தல்தான் இந்த நிகழ்ச்சிகளின் உயிர்.

முதல் பருவத்தின் பண ஏணியைப் பாருங்கள். 1,000 ரூபாயில் தொடங்கி 2,000, 3,000, 5,000, 10,000. ஐந்தாவது கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் 10,000 ரூபாய் உறுதி. முதல் ஐந்து கேள்விகள் போட்டியாளருக்காக மட்டும் எழுதப்படுபவை அல்ல, பார்ப்பவருக்காகவும் எழுதப்படுபவை. பாட்டியும் பேரனும் சரியாகச் சொல்ல வேண்டும். அப்புறம் தொகை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். பத்தாவது கேள்வியில் 3,20,000. அடுத்த பாதுகாப்புப் படி அது. அதற்கு மேல் ஒவ்வொரு கேள்வியும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கடன், கல்யாணச் செலவு. பின்னணி இசைகூடக் கேள்விக்குக் கேள்வி அரை சுரம் ஏறும். காதுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் நெஞ்சு படபடக்கும்.

இந்த ஏணிக்குக் கேள்வி எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சில வருடங்கள் ஒரு தமிழ்ச் சேனலின் வினாடி வினா நிகழ்ச்சிக்குக் கேள்வி எழுதினேன். ஒரு நாள் அணியில் ஒருவர் இப்படி எழுதிக் கொடுத்தார்: "சென்னை மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று எந்த ஆண்டு மாற்றப்பட்டது?" நான்கு விடைகளில் 1967-உம் இருந்தது, 1969-உம் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல கேள்வி. படப்பிடிப்பில் ஓர் ஆசிரியை 1967 என்று சொன்னார். திரையில் தவறு என்று வந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்: "சட்டமன்றத்தில் அண்ணா தீர்மானம் கொண்டுவந்தது 67 ஜூலை 18 இல்லையா சார்?" அவர் சொன்னது சரி. தீர்மானம் 1967-இல். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1968-இல். நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. "மாற்றப்பட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தன. "நடைமுறைக்கு வந்த ஆண்டு எது" என்று கேட்டிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை.

அந்த நிகழ்ச்சியின் பொறுப்பாளர் எபிசோடை அப்படியே ஒளிபரப்பிவிடலாம் என்றார். யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார். நான்கு மணி நேரம் சண்டை போட்ட பிறகுதான் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு அந்த ஆசிரியைக்கு மறுவாய்ப்பு தந்தார்கள். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பதில் தெரிந்தும் தோற்றவரின் முகம் அது. பாசு மீது எனக்கிருக்கும் மரியாதை இங்கிருந்துதான் வருகிறது. கோடி ரூபாய் பணயத்தில் இருக்கும் நிகழ்ச்சியில் வாரத்துக்கு நான்கு நாள், வருடக் கணக்கில், இந்தியா போன்ற ஒரு நாட்டில், கேள்விகள் மீதான நம்பிக்கை உடையாமல் காப்பாற்றுவது சாதாரண உழைப்பு இல்லை. டிவியில் நாம் பார்ப்பது பச்சனின் குரலைத்தான். அந்தக் குரல் தயங்காமல் ஒலிக்கக் காரணம் அதற்கு முன்னால் அந்தக் கேள்வியைப் பத்துப் பேர் பத்து விதமாகத் தாக்கிப் பார்த்திருப்பார்கள் என்பது.

2007-இல் மூன்றாவது பருவம். பச்சனுக்குப் பதில் ஷாருக் கான். முன்னே சொன்னேன் இல்லையா, பேரி ஜானின் அதே நாடகக் குழு. ஷாருக் வேறு மாதிரி நடத்தினார், கட்டிப்பிடித்தார், சீண்டினார், சிரிக்க வைத்தார். ஆனால் மக்கள் மனதில் அந்த நாற்காலி பச்சனுடையதாகிவிட்டது. 2010-இல் நிகழ்ச்சி சோனிக்கு மாறியபோது அவரே திரும்பி வந்தார். 2011-இல் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் 5 கோடி வென்றபோது, சிற்றூர்க்காரர்களுக்கான நிகழ்ச்சி என்ற அடையாளம் முழுமையாக நிலைத்தது.

இடையில் 2007-இல் அனில் அம்பானி குழுமத்தின் ஆட்லேப்ஸ், சினர்ஜியில் பெரும்பங்கை வாங்கியது. நிறுவனத்தின் பெயர் சினர்ஜி ஆட்லேப்ஸ் ஆகி, பிறகு பிக் சினர்ஜி ஆனது. பெரிய பணம் வந்தால் பெரிய நிகழ்ச்சிகள் வரும். 2008-இல் ஷாருக் கானை வைத்து 'க்யா ஆப் பாஞ்ச்வி பாஸ் சே தேஜ் ஹைன்' வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பெரியவர்கள் போட்டி போடும் நிகழ்ச்சி. முதல் ஐபிஎல் தொடங்கி ஒரு வாரத்தில் இறங்கியது. எதிர்பார்த்த டி.ஆர்.பி. வரவில்லை. அதே ஆண்டில் சோனியில் சல்மான் கானின் 'தஸ் கா தம்' நன்றாக ஓடியது. அதில் பொது அறிவு தேவையே இல்லை. "இந்தியர்களில் எத்தனை சதவீதம் பேர் இப்படிச் செய்கிறார்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள். மக்களைப் புரிந்தவர் ஜெயிப்பார். பாசுவின் பட்டியலில் அதிகம் பேசப்படாத நிகழ்ச்சி, ஆனால் யோசனை எனக்குப் பிடிக்கும். படிப்பு குறைந்தவரும் படித்தவரும் ஒரே தரையில் நிற்கும் கேள்விகள் அவை.

2009-இல் வந்த 'சச் கா சாம்னா' பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பொய் அறியும் கருவியில் முன்கூட்டியே கேள்விகள் கேட்டு, பிறகு மேடையில் குடும்பத்தார் முன்னிலையில் அவற்றில் 21 கேள்விகளைத் திரும்பக் கேட்கும் நிகழ்ச்சி. மனைவிக்குத் துரோகம் செய்ய நினைத்ததுண்டா என்ற வகைக் கேள்விகள். ஸ்டார் பிளஸில் ராஜீவ் கண்டேல்வால் தொகுத்தார். மாநிலங்களவையில் பிரச்சினை எழுந்தது, மத்திய அரசு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தடை கேட்டு வந்த மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிடிக்காவிட்டால் டிவியை அணைத்துவிடலாம் என்பதுதான் நீதிமன்றத்தின் நிலை. சட்டப்படி அது சரி. தடை வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் தெரியாதவரைக்கூடக் கூச வைக்காமல் கேள்வி கேட்டவர், பதில் தெரிந்திருப்பதாலேயே ஒருவர் கூனிக்குறுகும் நிகழ்ச்சியைத் தயாரித்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தம். பங்கேற்றவர் சம்மதித்துத்தான் வந்தார் என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய பிள்ளைகளின் சம்மதம்? ரியாலிட்டி ஷோ தயாரிக்கப் போகும் யாரும் இந்த நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்து, தான் எங்கே கோடு போடுவோம் என்று தனக்குத்தானே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பக்கம் வருவோம். கோடி ரூபாய்க் காய்ச்சல் இங்கே முதலில் வந்தது சன் டிவியின் 'கோடீஸ்வரன்' வழியாக. சரத்குமார் தொகுத்தார். பாசுவின் நிறுவனம் தமிழுக்கு வந்தது 2012-இல், விஜய் டிவியின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. முதலில் சூர்யா, அடுத்து பிரகாஷ் ராஜ், பிறகு அரவிந்த் சாமி. அதே காலத்தில் மலையாளத்தில் சுரேஷ் கோபி, கன்னடத்தில் புனீத் ராஜ்குமார் என்று தென்னிந்தியா முழுக்க அந்த நாற்காலி போடப்பட்டது. அச்சு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மொழியிலும் தொகுப்பாளரின் இயல்புக்கு ஏற்ப நிகழ்ச்சியின் சுவை மாறியது. சூர்யா தம்பி மாதிரி பேசினார். பிரகாஷ் ராஜ் வந்தவரின் கதையைத் தோண்டிக் கேட்டார். 2019-இல் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமான 'கோடீஸ்வரி' வந்தபோது தொகுத்தவர் ராதிகா சரத்குமார். கணவனும் மனைவியும் இருபது வருட இடைவெளியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தது வேறெங்காவது நடந்திருக்குமா தெரியாது. அதில் 2020 ஜனவரியில், கேட்கவும் பேசவும் இயலாத மதுரைக்காரரான கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி வென்றார்.

ஆனால் 'கோடீஸ்வரி' பாசுவின் தயாரிப்பு இல்லை. சோனியின் சொந்தப் பிரிவான ஸ்டூடியோ நெக்ஸ்ட் தயாரித்தது. இந்தித் தாய் நிகழ்ச்சியும் பின்னாளில் அதே கைக்குப் போனது. இங்கேதான் இந்தத் தொழிலின் கசப்பான உண்மை இருக்கிறது. அசல் நிகழ்ச்சி வடிவத்தின் (ஃபார்மட்) உரிமை பிரிட்டன் நிறுவனத்திடம் இருந்து கைமாறி 2008-இல் சோனியிடம் வந்தது. நிகழ்ச்சியை ஒளிபரப்பும் உரிமை சேனலுக்கு. தயாரிப்பாளருக்கு என்ன? ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை, அதில் செலவு போக மிஞ்சுவது. பத்துப் பதினைந்து வருடம் வளர்த்த பிள்ளையை ஒருநாள் உரிமைக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடலாம். வெளிநாட்டு வடிவங்களையே நம்பியிருக்கும் எந்தத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இதுதான் நிலைமை. அதனால் உங்களுக்குச் சொந்தமாக ஒரு யோசனை இருந்தால், அதைச் சேனலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கொண்டுபோங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு நிகழ்ச்சியை இழந்தவன்.

நிறுவனத்தின் தலைமையை விட்டு விலகிய பிறகும் பாசு கேள்விகளை விடவில்லை. அறிவு சார்ந்த நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து உருவாக்கினார். நடுவில் நடிக்கவும் செய்தார். 2013-இல் வந்த 'மெட்ராஸ் கஃபே' படத்தில் உளவுத்துறைத் தலைவராக வந்தவர் அவர்தான். அந்தப் படத்தின் அரசியல் பற்றி எனக்கு வேறு கருத்துண்டு, அது இங்கே வேண்டாம். மேடையில் தொடங்கியவர் அறுபதை நெருங்கும்போது மறுபடி நடிகராக வந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொகுப்பாளரா, தயாரிப்பாளரா என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். பாசு பதினைந்து வருடம் கேள்வி கேட்ட பிறகுதான், யார் கேட்டால் அந்தக் கேள்வி போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரிந்தது. நீங்கள் தொகுப்பாளராக வேண்டுமென்றாலும் முதல் இரண்டு வருடம் ஆய்வுக் குழுவிலோ, போட்டியாளர் தேர்விலோ வேலை பாருங்கள். தேர்வுக்கு வரும் ஆயிரம் பேரிடம் பேசினால் மனிதர்கள் எப்படிப் பதறுகிறார்கள், எதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது என்று தெரிந்துவிடும். கேமரா முன்னால் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஒரு சின்னப் பயிற்சியும் தருகிறேன். பதினைந்து கேள்விகள் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளோடு. எளிதிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்துங்கள். உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் ஒருவர், பணி ஓய்வு பெற்ற ஒருவர், பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர், மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் ஐந்திலேயே யாராவது விழுந்தால் தவறு உங்கள் கேள்வியில்தான். பன்னிரண்டாவதைத் தாண்டி எல்லோரும் போனாலும் அப்படித்தான். திருத்தித் திருத்தி எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் "மாற்றப்பட்டது" மாதிரிச் சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிச் சொல்கிறேன்.